சூளைக் கரியும் சுண்டெலியின் தோலும்

விருத்தாசலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பீங்கான். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த இவ்வூரில் செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் உள்ளன. வீட்டு மின்பலகையில் செருகும் ஃபியூஸ் கட்டை, அகல்விளக்கு, பொம்மை எனப் பலவும் இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுடும் இத்தொழிலில், மனித உடலில் சூளையை முதலில் சந்திக்கும் உறுப்பு தோல். வெப்பமும் கரியும் தூசியும் தீக்காயமும் அதன்மீதே விழுகின்றன.

இதே மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் உயிர்வேதியியல் துறையினர் தோல் புற்றுநோயைச் சுண்டெலிகளில் உண்டாக்கி ஆராய்ந்து கட்டுரைகள் பல வெளியிட்டுள்ளனர். அவர்கள் கையாண்ட முறை உலகெங்கும் வழங்கும் முறையே. வெள்ளைச் சுண்டெலியின் முதுகு மயிரை மழித்து, டி.எம்.பி.ஏ. என்னும் வேதிப்பொருளில் 25 மைக்ரோகிராமை அசிட்டோனில் கரைத்து, வாரம் இருமுறை வீதம் எட்டு வாரங்கள் பூசுவர். பின்வரும் வாரங்களில் பூசிய இடத்தில் கட்டிகள் எழுந்து செதிள் செல் புற்றாக முதிரும். வேறொரு குழுச் சுண்டெலிகளுக்கு ஏதேனும் ஒரு தாவரப் பொருளையும் உடன் ஊட்டி, கட்டிகள் குறைகின்றனவா என்று பார்ப்பர். ரோஜா எண்ணெய்க்கும் எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கும் மணம் சேர்க்கும் ஜெரானியால் இவ்வாறு ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று.

சூளையருகே நிற்கும் மனிதனின் தோலுக்கும் கூண்டிலிருக்கும் இச்சிற்றுயிரின் தோலுக்கும் என்ன உறவு? அதற்கு நேர்ந்தது இவனுக்கும் நேரும் என்று எந்த உரிமையில் சொல்கிறோம்? அவ்வாறு சொல்ல இயலாதெனில், அவ்வுயிர் பட்ட வேதனைக்கு யார் பொறுப்பு? இவ்வினாக்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. முன்னதற்குக் கிடைக்கும் விடையே பின்னதையும் தீர்க்கும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். விருத்தாசலத்தை இங்கு எடுத்துக்கொண்டது அவ்வூரில் இந்நோய் மிகுதி என்று காட்டுவதற்காக அன்று. நெருப்பும் தோலும் நாள்தோறும் சந்திக்கும் ஊர் என்பதற்காகவே.

மனிதனே முதல் சாட்சி

தோல் புற்றுநோயின் காரணத்தை முதன்முதலில் காட்டிக்கொடுத்தது எந்த விலங்கும் அன்று. ஏழைத் தொழிலாளியின் உடலே. 1775-இல் லண்டன் நகர அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளுக்குள் ஏறித் துப்புரவு செய்யும் சிறுவர்கள் வளர்ந்து ஆளானபின் அவர்களுடைய விதைப்பைத் தோலில் புற்று வருவதைக் கண்டெழுதினார். தோலின் மடிப்புகளில் தங்கிய புகைக்கரியே காரணம் என்பது அவர் முடிவு. ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் இணைத்துக் காட்டிய முதல் மருத்துவ எழுத்துகளில் இதுவும் ஒன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1892-இல், ஹென்றி பட்லின் என்பவர் மற்றோர் உண்மையை எடுத்துரைத்தார். உடலை மூடும் ஆடை அணிந்து, நாள்தோறும் குளிக்கும் வழக்கமுடைய ஐரோப்பியக் கண்டத்துத் துப்புரவாளரிடையே இந்நோய் அரிதாக இருந்தது. கரியிலுள்ள நஞ்சு இன்னதென்று எவரும் அறியுமுன்பே தண்ணீரும் துணியும் மனிதனைக் காத்துவந்தன.

நம் நாட்டிலும் இத்தகைய சாட்சியம் உண்டு. காஷ்மீர மக்கள் குளிர்காலத்தில் ‘காங்கிரி’ என்னும் தீச்சட்டியை ஃபிரான் எனப்படும் நீண்ட அங்கிக்குள் வைத்து உடலைச் சூடேற்றிக்கொள்வர். பிரம்போ மிலாறோ கொண்டு பின்னிய கூடைக்குள் கங்கு நிறைந்த மண்சட்டி, அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் அச்சூடு படும் தொடையிலும் அடிவயிற்றிலும் தோல் முதலில் வலைபோல் கருத்து, பின்னர்ச் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. அங்கு மருத்துவப் பணியாற்றிய எல்ம்ஸ்லி 1866-இல் இதனை எழுதினார். நெடுங்காலம் ஆறாத தீப்புண் வடுவிலும் இத்தகைய செதிள் செல் புற்று தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் மார்ஜொலினின் பெயரால் அது மார்ஜொலின் புண் எனப்படுகிறது. சூளையோடு வாழ்வோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

எனினும் மனிதனின் சாட்சியத்துக்கு ஓர் எல்லை உண்டு. கரியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் குற்றவாளி எது? மனிதர்மேல் ஒவ்வொன்றையும் பூசிப் பார்க்க எந்த அறமும் இடந்தராது. இங்கேதான் விலங்கு ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவரப்பட்டது.

முயலின் காதும் நேர்வாள எண்ணெயும்

விலங்குகளின் தோலில் தார் பூசிப் புற்று உண்டாக்க முயன்ற பலர் தோற்றனர். அவர்களுக்குப் போதாதிருந்தது பொறுமையே. டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் யாமகிவாவும் அவருடன் பணியாற்றிய இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் இடைவிடாது தேய்த்து, 1915-இல் புற்று உண்டானதை அறிவித்தனர். 1918-இல் சுண்டெலியின் தோலிலும் அது நிகழ்த்திக் காட்டப்பட்டது. பிறகு லண்டனில் கென்னவேயும் குழுவினரும் தாரிலிருந்து குற்றவாளியைப் பிரித்தெடுக்க முனைந்தனர். இரண்டு டன் தார்க் கீலைப் பகுத்து, 1933-இல் பென்சோ பைரீன் என்னும் பொருளைத் தனித்தெடுத்து அறிவித்தனர். சுண்டெலியின் தோல்தான் ஒவ்வொரு படியிலும் அவர்களுக்கு உரைகல். பாட் கண்ட கரிக்குள் ஒளிந்திருந்த நஞ்சுகளுள் ஒன்று இவ்வாறு 158 ஆண்டுகளுக்குப் பின் பெயர் பெற்றது. அண்ணாமலைநகரில் பயன்பட்ட டி.எம்.பி.ஏ. இதே வேதிக் குடும்பத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட வலிய உறுப்பினர்.

அடுத்த கண்டுபிடிப்பில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு விதை இடம்பெறுகிறது. சித்த மருத்துவர்கள் சுத்தி செய்தன்றிக் கையாளாத கடும் பேதி மருந்தான நேர்வாளமே அது. 1941-இல் பெரன்பிளம், சுண்டெலியின் தோலில் புற்றூக்கியோடு நேர்வாள எண்ணெயையும் தடவினால் கட்டிகள் பெருகுவதைக் காட்டினார். 1944-இல் மாட்ரம் இதனை மேலும் தெளிவாக்கினார். புற்றூக்கியை ஒரே ஒரு முறை, கட்டி உண்டாக்கப் போதாத சிறு அளவில் பூசினால் ஒன்றும் நேர்வதில்லை. நேர்வாள எண்ணெயை மட்டும் பூசினால் தோல் சிவந்து வீங்குமேயன்றிக் கட்டி அரிதே. முதலில் புற்றூக்கி, அதன்பின் தொடர்ந்து எண்ணெய் என்னும் வரிசையில் பூசினாலோ கட்டிகள் எழுகின்றன. வரிசையை மாற்றினால் அவ்விளைவு இல்லை.

இதிலிருந்து இரு கட்டக் கொள்கை பிறந்தது. முதற்கட்டத்தில் செல்லின் மரபுப்பொருளில் மாறாத வடு ஒன்று விழுகிறது. இதனைத் தொடக்கம் என்பர். இரண்டாம் கட்டத்தில் அழற்சியும் ஓயாத செல்பெருக்கமும் அவ்வடு விழுந்த செல்லுக்கு வளர இடமளிக்கின்றன, இது தூண்டல். தொடக்கம் மீளாதது, தூண்டலோ இடையில் நிறுத்தினால் பெரும்பாலும் தணிவது. எண்ணெயை நிறுத்தியதும் இளங்கட்டிகள் பல சுருங்கி மறைந்தன. நேர்வாளத்தின் செயல்பொருளை 1960-களில் பிரித்தறிந்தனர், டி.பி.ஏ. என்னும் சுருக்கப் பெயருடன் அது இன்றும் ஆய்வுக்கூடங்களில் உள்ளது.

இங்குச் சற்று நிற்போம். நாம் கண்டவை யாவும் முயலுக்கும் சுண்டெலிக்கும் நேர்ந்தவை. இவற்றை மனிதனுக்குப் பொருத்தும் உரிமை எப்போது பிறக்கிறது?

கியாஸ் காட்டும் அளவுகோல்

இஸ்லாமியச் சட்டவியலில் தேர்ச்சியுள்ளோருக்கு இவ்வினா புதிதன்று. நேரடி ஆதாரம் இல்லாத ஒன்றை, ஆதாரமுள்ள ஒன்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் காணும் முறைக்குக் கியாஸ் என்று பெயர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) (கி.பி. 767–820) அவர்கள் இதற்கு ஒழுங்குபடுத்திய இலக்கணம் தந்தார்கள். கியாஸுக்கு நான்கு உறுப்புகள்: ஆதாரமுள்ள மூலம், ஆதாரம் தேடப்படும் கிளை, மூலத்தின் தீர்ப்பு, இரண்டையும் இணைக்கும் காரணமாகிய இல்லத்.

பாடசாலைகளில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது மது. திராட்சை மது விலக்கப்பட்டது. தானியத்தில் வடித்த பானம் ஒன்றைப் பற்றி வினா எழுகிறது. போதை தருதல் என்னும் இல்லத் இரண்டிலும் இருப்பதால் விலக்கும் இரண்டுக்கும் உரியதாகிறது. நிறமும் மணமும் ஒத்திருப்பது போதாது. திராட்சைச் சாறும் நிறத்தால் மதுவை ஒத்ததே. இல்லத் பொருந்தாமல், தீர்ப்பை மாற்றவல்ல வேறுபாடு குறுக்கே நிற்குமாயின் அதனைக் ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’, அதாவது வேறுபாட்டுடன் கூடிய ஒப்பீடு, என்று சொல்லி அறிஞர்கள் தள்ளிவிடுவர்.

மருத்துவத்திலும் நம் முன்னோர் இதே விழிப்புடன் இருந்தனர். அர்ராஸீ (865–925) பாதரசத்தின் விளைவை அறியத் தம்மிடமிருந்த குரங்குக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தார். அந்தலூசியாவின் இப்னு ஸுஹ்ர் (இறப்பு 1162) மூச்சுக்குழலில் துளையிடும் அறுவையை முதலில் ஓர் ஆட்டின்மீது செய்து, காயம் ஆறுவதை உறுதிசெய்துகொண்டார். ஆனால் இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தபோது, சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும் என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். சிங்கத்துக்கோ குதிரைக்கோ ஒரு மருந்து செய்வதை மனிதனுக்கும் செய்யும் என்று கொள்ள இயலாது. உடலின் இயல்பு வேறு என்பது அவர் கருத்து.

இம்மூவரிடையே முரண்பாடு இல்லை. மூச்சுக்குழல் ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஒத்த அமைப்புடையது, குருத்தெலும்பில் இட்ட துளை ஆறுமா என்பதே வினா, இல்லத் பொருந்துகிறது. மருந்தின் வினைக்கோ உடலின் உள்ளியல்பு முழுவதும் காரணமாகிறது; அங்கு வேறுபாடு குறுக்கிடுகிறது. ஆக, விலங்கு மாதிரி நல்லதா தீயதா என்று மொத்தமாகக் கேட்பது பயனற்றது. இந்த வினாவுக்கு இந்த விலங்கில் இல்லத் பொருந்துகிறதா என்றே கேட்க வேண்டும்.

இல்லத் பொருந்திய இடம்

இவ்வளவுகோலைத் தோல் புற்றுநோய்க்கு வைத்துப் பார்ப்போம். டி.எம்.பி.ஏ. பூசிய சுண்டெலியின் கட்டிகளை மூலக்கூறு அளவில் ஆராய்ந்தபோது, ஹெச்-ராஸ் என்னும் மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மாற்றம் நேர்ந்திருப்பதை 1980-களில் கண்டனர். மனிதரின் செதிள் செல் புற்றிலோ முதன்மையாகக் கெடுவது பி53 மரபணு; அதில் வெயிலின் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தனித்த தடத்தை 1991-இல் அடையாளம் கண்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் சுண்டெலி மாதிரி இங்கே தோற்றதாகவே தோன்றும்.

ஆயினும் அதே மாதிரி, எதிர்பாராத வேறொரு வினாவுக்குச் சரியான விடை தந்தது. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுக்கு வெமுராஃபெனிப் என்ற மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை உட்கொண்ட நோயாளரில் ஒரு பகுதியினருக்கு, மெலனோமா சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வேறிடங்களில் செதிள் செல் புற்றுகள் முளைத்தன. மருந்தே நோய் தருகிறதா என்ற கலக்கம் எழுந்தது. 2012-இல் வெளியான ஆய்வு அப்புதிய கட்டிகளைச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் ராஸ் மரபணு மாற்றங்கள் இருந்தன. உடனே பழைய டி.எம்.பி.ஏ. சுண்டெலியிடம் சென்றனர். அதன் தோலிலும் ராஸ் மாற்றமே உள்ளதால் இல்லத் இப்போது பொருந்தியது. மருந்து புதிய மாற்றத்தை உண்டாக்கவில்லை. முன்னரே மாற்றமடைந்து உறங்கிக் கிடந்த செல்களை விரைந்து வளரச் செய்தது. மெக் என்னும் நொதியைத் தடுக்கும் இரண்டாம் மருந்து அவ்வளர்ச்சியை அடக்கியது. இன்று இவ்விரு வகை மருந்துகளையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்; சேர்த்துக் கொடுக்கும்போது இத்தகைய புற்றுகள் குறைகின்றன. அச்சுண்டெலிகளின் வேதனை வீணாகவில்லை.

இரு கட்டக் கொள்கையும் இவ்வகையில் சேர்ந்ததே. டி.பி.ஏ. நம் தொழிற்கூடங்களில் இல்லாத பொருள். ஆனால் நெடுநாள் அழற்சியும் ஆறாத புண்ணின் ஓயாத செல்பெருக்கமும் மனிதத் தோலிலும் உண்டு. காங்கிரியும் மார்ஜொலின் புண்ணும் அதற்குச் சான்று. தூண்டலை நிறுத்தினால் பயன் உண்டு என்னும் பாடம் சூளைத் தொழிலாளிக்கும் உரியது. பல்லாண்டு கரியிலும் வெப்பத்திலும் கழித்துவிட்டோம், இனி என்ன காத்து ஆவது என்று எண்ண வேண்டியதில்லை. இன்று கழுவும் கரியும், இன்று ஆற்றும் புண்ணும் நாளைய தோலுக்கு நன்மையே.

வேறுபாடு குறுக்கிட்ட இடங்கள்

ஒப்பீடு பொருந்தாமற்போன இடங்கள் இவற்றினும் பல. முதலாவது ஆர்சனிக். சித்த, யூனானி மருத்துவங்களில் பாஷாண வகைகளாக நம்மவர் அறிந்தது. வங்கத்தின் நிலத்தடி நீரில் கலந்து இலட்சக்கணக்கான மக்களை வருத்துவது. இது மனிதத் தோலில் புற்று உண்டாக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டனில் ஹட்சின்சன் எழுதிவிட்டார். ஆனால் விலங்குகளுக்கு ஆர்சனிக்கை மட்டும் கொடுத்தபோது பல பத்தாண்டுகள் தெளிவான புற்று தோன்றவில்லை. சுண்டெலியின் உடல் ஆர்சனிக்கை மனித உடலைவிட விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. மயிரற்ற சுண்டெலிகளுக்குக் குடிநீரில் ஆர்சனிக்கும் உடலில் புற ஊதாக் கதிரும் சேர்த்தளித்தபோது தோல் புற்று பெருகியதை 2001-இல்தான் காட்டினர். விலங்கில் வராததால் மனிதனுக்கும் வராது என்று எவரேனும் தீர்ப்பளித்திருந்தால் அத்தீர்ப்பு எத்தனை உயிர்களைப் பலிகொண்டிருக்கும்!

பீங்கான் தொழிலுக்கே உரிய மற்றோர் எடுத்துக்காட்டு, தோலைக் கடந்து நுரையீரலைச் சேர்ந்தது. களிமண்ணிலும் படிகக் கல்லிலும் உள்ள சிலிக்காத் தூசியை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் மனிதருக்குப் புற்று விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. அத்தூசியைச் சுவாசித்த பெரிய எலிகளுக்கு நுரையீரற் கட்டிகள் வந்தன. ஹேம்ஸ்டர் என்னும் கொறிவிலங்குக்கு வரவில்லை. சுண்டெலியிலும் தெளிவான விளைவு இல்லை. தூசி ஒன்றே, சாட்சியங்கள் வெவ்வேறு. ஆய்வாளர் ஹேம்ஸ்டரை மட்டும் நம்பியிருந்தால் அத்தூசி குற்றமற்றதாய்த் தப்பியிருக்கும். கொறிவிலங்குகளுக்கு இடையிலேயே இவ்வளவு வேறுபாடு உண்டென்றால், அவற்றுக்கும் மனிதனுக்கும் இடையில் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, நோய் தடுக்கும் பொருள்களைப் பற்றியது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டீன், சுண்டெலிகளில் புற ஊதாக் கதிரால் வரும் தோல் கட்டிகளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டின. நம்பிக்கை பிறந்தது. முன்னரே தோல் புற்று வந்து நீங்கிய 1,805 பேரைக் கொண்டு, நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் ஐந்தாண்டுவரை பீட்டா கரோட்டீனோ போலி மாத்திரையோ கொடுத்து அமெரிக்காவில் சோதித்தனர். 1990-இல் முடிவு வெளியாயிற்று. புதிய புற்றுகள் இரு பிரிவிலும் ஒரே அளவில் வந்தன. ஒரு மூலிகைச் சாறு சுண்டெலியின் முதுகில் கட்டியைத் தடுத்தது என்னும் செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் இந்த 1,805 பேரை நினைத்துக்கொள்வது நல்லது. அச்செய்தி ஆய்வின் முதற்படி. மருந்து இன்னும் வெகுதொலைவில் இருக்கிறது.

நான்காவது மெலனோமா. சுண்டெலியின் மேல்தோல் இரண்டு மூன்று செல் அடுக்கே தடித்தது. நிறம் தரும் செல்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களில் தங்கியவை. மனிதனுக்கோ அவை மேல்தோலின் அடியில் பரவிக் கிடக்கின்றன. இவ்வேறுபாட்டைக் கடக்க, மனிதத் தோலைப் போல் நிறச்செல்கள் பரவிய மரபு மாற்றுச் சுண்டெலியை உருவாக்கினர். பிறந்த சில நாள்களில் ஒரே ஒரு முறை கடும் புற ஊதாக் கதிர் பட்டாலும் அதற்குப் பின்னாளில் மெலனோமா வருவதை 2001-இல் அறிவித்தனர். வெண்ணிறத் தோலுடைய குழந்தைகளைக் கடும் வெயிலிலிருந்து காக்க வேண்டும் என்னும் அறிவுரைக்கு இது வலுவூட்டியது.

ஆனால் நம்மவர் நிலை வேறு. இந்தியரிடையே தோல் புற்றே வெள்ளையரிடையே காண்பதைவிட மிகக் குறைவு. வரும் மெலனோமாவில் பெரும்பங்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் வருவது. உள்ளங்காலில் வெயில் ஏது? வெயிலால் வரும் மெலனோமாவின் மாதிரியைக் கொண்டு இதனை விளக்குவது வேறுபாட்டுடன் கூடிய கியாஸே. 2022-இல் வரிக்குதிரை மீனைக் கொண்டு செய்த ஆய்வொன்று இதற்கு ஒரு வாயிலைத் திறந்தது. உள்ளங்கால் மெலனோமாவில் மிகுதியாகக் காணும் ஒரு மரபணு மாற்றத்தை மீனில் புகுத்தியபோது, புற்றுகள் உடலைவிடத் துடுப்புகளிலேயே மிகுந்து தோன்றின. துடுப்பும் கைகால்களும் கருவில் ஒத்த மரபணு நிரலால் உருவாகின்றன. தோற்றத்தால் மனிதனுக்கு வெகுதொலைவிலுள்ள மீன், இல்லத் பொருந்தியதால் எலியைவிட நெருங்கிய சாட்சியாயிற்று.

வாயில்லா உயிரின் உரிமை

அடுத்த வினாவுக்கு வருவோம். ஊர்வனவும் பறப்பனவும் மனிதரைப் போன்றே சமுதாயங்கள் என்று திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்து 38-ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குரியவள் ஆனதையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் இறைமன்னிப்புப் பெற்றதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி நாம் அறிந்ததே. உயிருள்ளதைக் கட்டிவைத்து அம்பெய்து பழகுவதை அவர்கள் தடுத்தார்கள். விலங்கின் முகத்தில் சூடு போடுவதைக் கண்டித்தார்கள். விலங்கின் தோலும் வலியுணரும் தோலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திமிஷ்கில் வாழ்ந்து கெய்ரோவில் 1262-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன்மேல் விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற்போன விலங்குக்கும் உணவளித்தல், தாங்க இயலாத சுமை ஏற்றாமை, தங்குமிடத்தை நன்றாக வைத்தல், ஒன்றின் கண்முன் அதன் குட்டியை அறுக்காமை என அப்பட்டியல் நீள்கிறது. பயன் தீர்ந்தபின்னும் உரிமை தீராது என்பதே அதன் உட்பொருள்.

மனித உயிரைக் காக்கும் தேவைக்காக விலங்கைப் பயன்படுத்துவதை இஸ்லாமியச் சட்டவியல் முற்றாக மூடிவிடவில்லை. நிர்ப்பந்தம் விலக்கைத் தளர்த்தும். ஆனால் அத்தளர்வு நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்க வேண்டும் என்பது சட்டவியலாரின் பொது விதி. இங்கேதான் கியாஸின் இலக்கணமும் இரக்கமும் சந்திக்கின்றன. இல்லத் பொருந்தாத விலங்கில் செய்யும் சோதனை விடை தராது. விடை தராத சோதனைக்கு நிர்ப்பந்தம் என்ற நியாயம் இல்லை. நியாயமின்றித் தந்த வேதனை அநீதி. ஆகவே ஆய்வுத் திட்டத்தைச் சரியாக வகுப்பது அறிவுக் கடமையாக மட்டும் நின்றுவிடாமல் மார்க்கக் கடமையாகவும் ஆகிறது. தேவையினும் மிகுந்த எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழுவில் கவனக்குறைவு, கட்டி வெடித்துப் புண்ணாகும்வரை காத்திருத்தல், முன்னரே விடை கண்டதைப் பட்டத்துக்காக மீண்டும் செய்தல் ஆகிய யாவும் இவ்வகையில் பிழையே.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில் நடந்திருக்கிறது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. தவிர்க்க இயலுமிடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும், வலி தரும் அறுவைகளில் மயக்கமருந்து தர வேண்டும் என்பதையும் அச்சட்டம் கருத்தில் கொள்கிறது. அதன்கீழ் அமைந்த நடுவண் குழுவும், 1998-ஆம் ஆண்டு விதிகளும், ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்கும் விலங்கு நெறிமுறைக் குழுவும் இன்று ஆய்வுகளை மேற்பார்க்கின்றன. அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014-இல் தடைசெய்யப்பட்டது. 2023-இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், மனிதச் செல்களைக் கொண்டு அமைக்கும் மாற்று முறைகளுக்கும் இடமளித்தன.

அம்மாற்று முறைகளுள் தோலுக்குத் தனிச்சிறப்பு உண்டு. மனித மேல்தோல் செல்களைக் கிண்ணத்தில் தொடர்ந்து வளர்க்கும் வழியை ரைன்வால்டும் கிரீனும் 1975-இல் கண்டதிலிருந்து, அடுக்கடுக்கான மனிதத் தோலையே ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முடிகிறது. அரிப்பு, எரிச்சல் போன்ற வினாக்களுக்கு முயலின் தோல் இன்று தேவையில்லை. எனினும் நோய் எதிர்ப்புச் செல்களும் குருதி நாளங்களும் கூடி இயங்க, மாதக்கணக்கில் முதிரும் புற்றின் முழு வரலாற்றையும் அக்கிண்ணத்தில் இன்னும் காண இயலாது. அந்த இடைவெளியின் அளவே இன்றைய நிர்ப்பந்தத்தின் அளவு. கிண்ணம் வளர வளர அது சுருங்க வேண்டும்.

இருவருக்கும் உரிய கடன்

சூளைத் தொழிலாளிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் எளியது. வேலை முடிந்ததும் கரியையும் தூசியையும் கழுவ நீரும் சோப்பும், உடலை மூடும் ஆடை, தூசியை ஈர்க்கும் விசிறி, தீக்காயத்துக்கு உடனடி மருத்துவம் ஆகியன தொழிற்கூடத்தில் இருக்க வேண்டும். பழைய தீப்புண் வடுவில் ஆறாத புண்ணோ தடிப்போ தோன்றினாலும், உள்ளங்காலில் கரும்புள்ளி பரவினாலும், காலந்தாழ்த்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டால் தோல் புற்று பெரும்பாலும் அறுவையாலேயே குணமாகும். இவ்வறிவுரைகளுக்கு இனி ஒரு சுண்டெலியும் உயிரிழக்க வேண்டியதில்லை. பட்லின் காலத்துத் துப்புரவாளரும், தாரில் கருகிய முயல்களும், நேர்வாளத்தில் சிவந்த சுண்டெலிகளும் இதற்கான விலையை முன்னரே கொடுத்துவிட்டனர்.

கூண்டிலுள்ள உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் வேறு. அதனிடம் கேட்கும் வினா, அதனால் விடையளிக்கக் கூடியதாய் இருக்க வேண்டும். கேட்டபின் அதன் விடையை மறவாமல் பயன்படுத்த வேண்டும். ஒரு மாதிரியின் பாடத்தை ஏட்டில் எழுதிவைத்துவிட்டு, தொழிற்கூடத்தில் கைகழுவக் குழாய் இல்லாமல் விட்டுவிட்டால், அச்சுண்டெலிக்கும் தொழிலாளிக்கும் ஒருசேர அநீதி இழைத்தவர்கள் ஆவோம். எல்லா உயிர்களுக்கும் இறைவனான அல்லாஹ்விடம் இரண்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.